லேசான பேல் ஏலைச் சுவைத்து அறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கறுத்த பீர் ஒன்றில் சின்னப் பிசகு நேர்ந்தால் வறுத்த மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், வாசனை அதை மூடிவிடும். பழம் போட்டுக் காய்ச்சிய பீரில் பழம் மூடிவிடும். பேல் ஏல் என்பது வெளிர் மால்ட்டில் காய்ச்சும் பொன்னிற பீர்; 4 அல்லது 4.5 சதவீத ஆல்கஹால் உள்ள லேசான பேல் ஏலில் அப்படி மூட எதுவும் கிடையாது. தண்ணீர், மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப் பூ, நொதிக்கவைக்கும் ஈஸ்ட் நான்கும் தனித்தனியாகத் தெரியும். அதனால்தான் சுவைக்கப் பழகுகிறவர்கள் கையில் நான் முதலில் இதைக் கொடுப்பேன். ஒரு வட்டாரத்துக்காகக் காய்ச்சும் நடுத்தர ஆலையின் பேல் ஏல் என்றால் இன்னும் நல்லது. தூரம் அலையாமல் சீக்கிரம் கைக்கு வருகிறது. அந்த ஆலைக்கென்று ஒரு ஈஸ்ட், ஒரு தண்ணீர், ஒரு கைப்பக்குவம் இருக்கும். நான்கைந்து முறை குடித்தால் அது பிடிபட்டுவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஹாப் நாக்கில் செய்கிற வேலையைச் சொல்லத் தமிழில் சொற்கள் தயாராக இருக்கின்றன. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு, தொண்டையில் நிற்கும் காறல் வேறு. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு ஹாப் பீரில் பாதி தூரம் கடந்தாயிற்று. இந்த வழிகாட்டியில் நான் அதிகம் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

முதலில் தேதி. காலாவதித் தேதியை விட, அடைத்த தேதிதான் முக்கியம். ஹாப் மணம் பீரில் முதலில் கழன்றுபோகும் பொருள். அடைத்து இரண்டு மாதத்துக்குள் இருக்கும் பாட்டிலையோ கேனையோ தேடுங்கள். எங்கே வைத்திருந்தார்கள் என்பதும் தேதிக்குச் சமமான விஷயம். ஆலைக்காரர்கள் 3-30-300 என்று ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: மூன்றும் பீரை ஏறக்குறைய ஒரே அளவு கிழமாக்கும். போன வாரம் அடைத்தது என்றாலும், வெயில் படும் கிடங்கில் கிடந்திருந்தால் அது பழைய பீர்தான்.

அடுத்து வெளிச்சம். ஹாப்பின் கசப்புப் பொருள்மேல் நீல ஒளியும் புற ஊதாக் கதிரும் பட்டால், கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகும். ரப்பர் கருகியது மாதிரி ஒரு நெடி. கேனுக்குள் வெளிச்சம் போகாது. பழுப்பு பாட்டில் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. ஒரு முறை சந்தேகத்துக்கு நானே செய்து பார்த்தேன்: ஒரே பாட்டிலை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை வெயிலில் ஜன்னலோரமும் இன்னொன்றை அலமாரிக்குள்ளும் வைத்தேன். கால் மணி நேரம்தான். ஜன்னல் கிளாஸை மூக்கருகே கொண்டுவரும்போதே வித்தியாசம் தெரிந்துவிட்டது. பூவும் பழமும் இருந்த இடத்தில் ரப்பரும் பூண்டும். நீங்களும் ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள்; அதற்கப்புறம் அந்த நெடியை வாழ்நாளில் மறக்க மாட்டீர்கள்.

கிளாஸும் குளிர்ச்சியும்

வாய் குறுகிய டியூலிப் கிளாஸ் இருந்தால் நல்லது; ஒயின் கிளாஸும் போதும். வடிவத்தை விடச் சுத்தம் பெரிது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் நுரை சரிந்துவிடும், சோப்பு மிச்சமிருந்தாலும் அப்படித்தான். கழுவிய கிளாஸைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அந்த இடத்தில் பிசுக்கு இருக்கிறது. பீர் ஊற்றியபின் குமிழிகள் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் அதே அர்த்தம்தான். கிளாஸை ஃபிரீசரில் வைக்காதீர்கள்.

குளிர்ச்சி 7 முதல் 10 டிகிரிக்குள் இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் மேசையில் வைத்தால் ஏறக்குறைய அங்கே வந்துவிடும். 3, 4 டிகிரியில் மணம் எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். தாகத்துக்குக் குடிப்பவருக்கு அந்தக் குளிர்ச்சி சரி, சுவைப்பவருக்குச் சரியில்லை.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. சுவைக்க 100 மில்லி தாராளம். 330 மில்லி பேல் ஏல் 4.5 சதவீதத்தில் சுமார் 12 கிராம் ஆல்கஹாலைத் தருகிறது. இரண்டாவது பாட்டிலில் மூக்கின் கூர்மை குறையத் தொடங்கும். நான்கு பீர்களை ஒப்பிடுவதென்றால் ஒவ்வொன்றிலும் 60 மில்லி போதும், நடுவில் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டும், காபி குடித்த கையோடும் உட்கார வேண்டாம்.

ஊற்றுவதும் பார்ப்பதும்

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, சுவரோடு பாதிவரை ஊற்றுங்கள். பிறகு நிமிர்த்தி நடுவில் விடுங்கள். இரண்டு விரல் உயரம் நுரை எழ வேண்டும். நுரையை வீண் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குமிழிகள் உடையும்போதுதான் ஹாப் எண்ணெய்கள் மேலே வருகின்றன, ஆகவே நுரை இல்லாவிட்டால் பாதி மணம் இல்லை. பாட்டிலிலேயே நொதித்த பீர் என்றால் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

நிறம் வைக்கோல் பொன்னிலிருந்து வெளிர் தேன்வரை இருக்கலாம். லேசான கலங்கல் குறையில்லை. அது குளிரால் வந்த கலங்கலா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு: ஐந்தாறு நிமிடம் உள்ளங்கையால் கிளாஸை அணைத்துப் பிடியுங்கள். மால்ட்டின் புரதமும் ஹாப்பின் துவர்ப்புப் பொருளும் குளிரில் கைகோத்து உண்டாக்கிய கலங்கல் என்றால் சூட்டில் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் ஈஸ்ட்டாகவோ, காய்ச்சி முடித்தபின் போட்ட ஹாப்பாகவோ இருக்கலாம்.

நுரையை விட்டுவிடாதீர்கள். நல்ல ஹாப் பீர் ஒவ்வொரு மிடறுக்கும் கிளாஸ் சுவரில் ஒரு வெள்ளைச் சரிகை வளையத்தை விட்டுச் செல்லும். மால்ட்டின் புரதமும் ஹாப்பின் கசப்பு அமிலமும் சேர்ந்து நெய்வது அது. குடித்து முடித்த கிளாஸில் வளையங்களை எண்ணினால் எத்தனை மிடறில் முடித்தீர்கள் என்பதுகூடத் தெரியும்.

முகர்வது

ஊற்றியவுடன் முகருங்கள். நுரை அடங்கட்டும் என்று காத்திருந்தால் மிக லேசான மணங்கள் பறந்துவிடும். நீளமாக இழுக்க வேண்டாம். குட்டிக் குட்டியாக மூன்று முறை போதும். அப்புறம் கிளாஸை உள்ளங்கையால் மூடி, இரண்டு சுற்றுச் சுழற்றி, கையை எடுத்தவுடன் மறுபடி முகருங்கள். மூக்கு மரத்துப்போனது போலிருந்தால் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தை முகருங்கள். பழகிய வாசனை மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

முதல் தடவை ‘ஹாப் வாசனை’ என்பதைத் தாண்டி எதுவும் சொல்ல வராது. பரவாயில்லை. பெரிய கூடையிலிருந்து சின்னக் கூடைக்குப் போங்கள். பழமா, பூவா, இலையா, மரமா? பழம் என்றால் புளிப்புப் பழமா, இனிப்புப் பழமா? புளிப்பு என்றால் எலுமிச்சையா, ஆரஞ்சுத் தோலா, பம்பளிமாஸின் தடித்த வெள்ளைத் தோலா? டென்மார்க்கில் பிறந்த மார்ட்டன் மைல்கார்ட் என்ற ஆய்வாளர் 1970களில் உருவாக்கிய பீர் சுவைச் சக்கரமும் இப்படித்தான் பெரிய வகையிலிருந்து சிறிய வகைக்கு இறங்குகிறது. உங்கள் மூக்குக்குத் தோன்றும் சொல்லைத் தயங்காமல் எழுதுங்கள். மழை நின்றபின் வெட்டிய புல் என்று தோன்றினால் அதையே எழுதுங்கள்.

எந்த மணம் எந்த ஹாப்பிலிருந்து வந்திருக்கும் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. இங்கிலாந்தின் ஃபகுள், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் இரண்டும் மண், தேயிலை, தேன் பக்கம் நிற்கும். அமெரிக்காவின் காஸ்கேட் பம்பளிமாஸ், பூ, பைன் மரப் பிசின். ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி பேஷன் ஃப்ரூட். நியூசிலாந்தின் நெல்சன் சோவின் வெள்ளைத் திராட்சை. இதில் காஸ்கேடுக்குத் தனி இடம் உண்டு. ஓரிகனில் அரசு ஆராய்ச்சியில் வளர்த்து 1972இல் வெளியிட்ட இந்த ஹாப்பை, சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இல் தன் லிபர்ட்டி ஏலில் போட்டது. 1980இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ ஊரில் சியரா நெவாடா ஆலை தன் பேல் ஏலைக் காய்ச்சியது. அதற்கு முன் பேல் ஏல் என்றால் மால்ட்டும் மண் வாசனையும். அதற்கப்புறம் பம்பளிமாஸும் பைனும் அந்தப் பெயருக்குள் வந்துவிட்டன. இன்று நீங்கள் கையில் பிடித்திருக்கும் வட்டார ஆலையின் பேல் ஏல் இந்த இரண்டு மரபில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது முதல் முகர்தலிலேயே தெரிந்துவிடும்.

ஹாப்பை விலக்கிவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்றும் தேடுங்கள். பிஸ்கட், ரொட்டியின் மேலோடு, லேசான தேன்: இது மால்ட். பேரிக்காய், ஆப்பிள் மாதிரி மெல்லிய பழ வாசனை ஈஸ்ட்டிலிருந்தும் வரும். அந்தந்த ஆலையின் கையெழுத்து பெரும்பாலும் இந்த அடித்தட்டில்தான் இருக்கிறது. ஹாப்பை எந்த ஆலையும் வாங்கிப் போடலாம்.

வாய்க்குள்: கசப்பு, துவர்ப்பு, காறல்

முதல் மிடறை வாயைக் கழுவ மட்டும் பயன்படுத்துங்கள், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டாவது மிடறு ஒரு மேசைக்கரண்டி அளவு. நாக்கு முழுவதும் பரவவிட்டு, மூன்று நான்கு நொடி வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கியவுடன் வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் அந்த மணம், கிளாஸில் முகர்ந்ததிலிருந்து வேறாக இருக்கும். கிளாஸில் பூ என்று எழுதியது இங்கே தோலாக மாறலாம். ஒயின் சுவைப்பவர்களைப் போலத் துப்பிவிட்டால் இது கிடைக்காது, கசப்பின் பின்பாதியும் கிடைக்காது.

இப்போது கசப்பு. ஹாப் பூவுக்குள் லுபுலின் என்ற மஞ்சள் தூள் இருக்கிறது. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறிக் கரைந்து கசப்பைத் தருகின்றன. ஒரு மணி நேரம் கொதித்த ஹாப் கசப்பைத் தரும், மணம் ஆவியாகிவிடும். அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டதும், நொதித்தபின் குளிர்ந்த பீரில் ஊறப்போட்டதும் மணத்தைத் தரும். ஆகவே மூக்கில் ஏராளமாகவும் நாக்கில் மென்மையாகவும் இருந்தால், காய்ச்சியவர் ஹாப்பைக் கடைசியில் சேர்த்திருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

கசப்பு மெதுவாக ஏறும். விழுங்கிச் சில நொடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், அப்புறம் இறங்கும். இறங்கும் விதத்தைக் கவனியுங்கள். சுத்தமான கசப்பு நாக்கின் பின்பகுதியில் எழுந்து, வாயை உலர்த்திவிட்டு, தானாக விலகும். மோசமான கசப்பு மாத்திரையை மென்றது போல ஒட்டிக்கொள்ளும். மிடறுக்கு மிடறு கசப்பு கூடிக்கொண்டே போகும் என்பதால், மூன்றாவது மிடறுக்குப் பிறகுதான் நான் கசப்பைப் பற்றி எழுதுவேன்.

துவர்ப்பு ருசியை விடத் தொடு உணர்வுக்கு நெருக்கம். கன்னத்தின் உள்பக்கமும் ஈறும் இறுகி, நாக்கு மேலண்ணத்தில் வழுக்காமல் உரசும். ஹாப் இலையிலும் மால்ட் உமியிலும் உள்ள பாலிஃபீனால்கள் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் இப்படி ஆகிறது. குளிரில் நிறைய ஹாப்பை நீண்ட நாள் ஊறவைத்தால் துவர்ப்பு ஏறும். கொஞ்சம் இருந்தால் அடுத்த மிடறைக் கூப்பிடும்; அதிகமானால் வாய் சுருங்கும். சரி, கண்டுபிடிப்பது எப்படி? விழுங்கியபின் நாக்கை மேலண்ணத்தில் முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் அது வெறும் கசப்பு. வழுக்காமல் உரசினால் துவர்ப்பும் இருக்கிறது.

காறல் தொண்டையில் நிற்பது. சேனைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் வரும் அரிப்பின் மெல்லிய தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைத்து ஓரிரு நாளே ஆன, ஹாப் தூள் இன்னும் மிதக்கும் பீரில் இது வரும். ஒன்றிரண்டு வாரம் குளிரில் வைத்தால் தூள் படிந்து காறல் போய்விடும். புதிய பீர் நல்லது என்று சொன்னேன் அல்லவா, அதற்கு இது ஒரு விதிவிலக்கு.

லேபிளில் ஐ.பி.யு. என்று ஒரு எண் இருக்கலாம். அது கசப்பின் அளவு. அமெரிக்கப் பேல் ஏலுக்கு 30 முதல் 50 வரை வழக்கம். இந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. 40 ஐ.பி.யு. என்பது மால்ட் இனிப்பு நிறைந்த 6 சதவீத பீரில் அடக்கமாக இருக்கும், 4 சதவீத பீரில் கூர்மையாகக் குத்தும்.

உடலும் முடிவும்

லேசான பீரின் பெரிய ஆபத்து தண்ணீர் கலந்தது போலிருப்பது. மால்ட் குறைவு என்பதால் வாயில் கனம், அதாவது பீரின் உடல், குறையும். கெட்டிக்கார ஆலைகள் மால்ட்டை ஊறவைக்கும் சூட்டைக் கொஞ்சம் உயர்த்தி, ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரைகளை மிச்சம் வைத்து, கனத்தைத் திரும்பக் கொண்டுவருகின்றன. வாயுவையும் கவனியுங்கள். அதிகமானால் நாக்கைக் குத்திக் கசப்பைக் கடுமையாக்கும். குறைந்தால் எல்லாமே சோர்ந்துவிடும்.

முடிவு, அதாவது விழுங்கியபின் வாயில் எஞ்சுவது, இந்தப் பீரில் தண்ணீரின் பேச்சு. இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் ட்ரென்ட் ஊர் பேல் ஏலுக்குப் பெயர் பெற்றது அங்கே கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஜிப்சம் என்ற தாது உப்பால். அதிலுள்ள சல்ஃபேட் கசப்பை உலர்ந்ததாகவும் தெளிவாகவும் காட்டுகிறது. அந்த ஊரின் பாஸ் ஆலையுடைய சிவப்பு முக்கோணம்தான் 1876இல் பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னம். இன்று எந்த ஊர் ஆலையும் ஜிப்சம் சேர்த்து அந்தத் தண்ணீரைச் செய்துகொள்ளலாம். வறண்டு, சட்டென்று முடிந்தால் சல்ஃபேட் தூக்கல். உருண்டு, மெத்தென்று முடிந்தால் தண்ணீரில் உள்ள இன்னொரு உப்பான குளோரைடு தூக்கல்.

குறைகளை அடையாளம் காண்பது

வெண்ணெய் வாசனை வந்தால் டையசெட்டில் என்ற சேர்மம்: ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் பீரை எடுத்துவிட்டார்கள், அல்லது பீர்க்குழாய் சுத்தமில்லை. வேகவைத்த மக்காச்சோளம் என்றால் கொதி போதவில்லை. பச்சை ஆப்பிள் தூக்கலாக இருந்தால் பீருக்கு வயது போதவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஆக்சிஜன் பட்ட பழைய பீர். பழைய சீஸ் வாடை, ஹாப்பே பழசு. இந்த வரிசையில் லேசான பேல் ஏலில் அதிகம் சந்திப்பது அட்டைப்பெட்டிதான். அதற்கு முன்பே ஹாப் மணம் மங்கி, மால்ட் இனிப்பு ஜாம் மாதிரி முன்னுக்கு வந்திருக்கும். அதுதான் முதல் எச்சரிக்கை.

நாக்கைச் சோதிப்பது

மூன்று கிளாஸ் எடுத்து, இரண்டில் ஒரு பீரும் ஒன்றில் வேறொரு பீரும் இன்னொருவரை ஊற்றச் சொல்லுங்கள். நிறம் காட்டிக்கொடுக்காமல் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். எது தனி என்று சொல்ல வேண்டும். 1940களில் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் உருவான முக்கோணச் சோதனை இதுதான். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். ஆனால் ஆறு முறை செய்து ஐந்து முறை சரியாகச் சொன்னால் அதை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. இரண்டு மாத வித்தியாசமுள்ள ஒரே பீரை வைத்து இதைச் செய்வது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி.

எழுதிவைப்பது

ஆலை, பீர், அடைத்த தேதி, குடித்த தேதி, குளிர்ச்சி. அப்புறம் மூக்கு, வாய், முடிவு என்று ஆளுக்கொரு வரி. மதிப்பெண் போடுவதை நான் விட்டுவிட்டேன். அடுத்த வருடம் பார்த்தால் 7க்கும் 8க்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே விளங்கவில்லை. வரிகள் விளங்குகின்றன. கிளாஸில் கடைசி இரண்டு விரல் பீரை அரை மணி நேரம் விட்டுவைத்து, சூடேறியபின் குடித்து அதற்கும் ஒரு வரி எழுதுங்கள். நல்ல பேல் ஏல் அப்போதும் நிற்கும்.

ஒரே பீருக்கு என் குறிப்பேட்டில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. முதலாவது: “அடைத்து 19 நாள். பம்பளிமாஸ் தோல், பின்னால் பிஸ்கட். மூன்றாவது மிடறில் கசப்பு சுத்தம், துவர்ப்பு சிறிது, நாக்கு லேசாக உரசுகிறது. உலர்ந்த முடிவு. சூடேறியபின் பூ வாசனை கூடியது.” இரண்டாவது: “அதே பீர், ஏழு மாதம், வெளியே வைத்தது. பழம் இல்லை. தேன், ஜாம். கசப்பு இருக்கிறது, மணம் இல்லாததால் தனியாக நிற்கிறது. சூடேறியபின் அட்டை.”